எக்சேஞ்ச் அறையில் இருந்தவள்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய குரலைக் கேட்காதவர்கள் இல்லை. முகத்தைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நிர்வாகக் கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டி, ஒற்றை ஜன்னல் வைத்த நீளமான ஒரு அறை. கதவுக்கு மேலே நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் ‘டெலிபோன் எக்சேஞ்ச்’ என்று எழுதியிருக்கும். படிப்பு முடித்த கையோடு அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தவள்தான். காதில் ஹெட்போன், எதிரே குட்டிக் குட்டி விளக்குகள் மினுக்கும் போர்டு. விளக்கு எரிந்தால் ஒயரைச் செருகி, “எக்சேஞ்ச், சொல்லுங்க” என்பாள். துணைவேந்தரிலிருந்து தோட்டக்காரர் வரை யார் யாரோடு பேசினாலும் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் எல்லோருக்கும் அவள் எக்சேஞ்ச் அக்கா. அவளைவிட மூத்த பேராசிரியர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

குரல் அப்படி. ஐம்பதைத் தாண்டிய பிறகும் கல்லூரிப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. வெளியூரிலிருந்து பேசிய யாரோ ஒரு அதிகாரி, “ரேடியோவுல இருக்க வேண்டியவங்க, இங்க உக்காந்து என்ன பண்றீங்க?” என்று ஒருமுறை கேட்டார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போது எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

ஒயர் வழியாகப் பேசும்போது அவளுக்குப் பேச்சு சரளமாக வந்தது. கேலி வந்தது. எரிந்து விழுகிறவரை இரண்டே வார்த்தையில் சிரிக்கவைக்கத் தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, எதிரே ஓர் ஆள் நின்று “சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிவிடுவாள். அதைத் திமிர் என்று நினைத்தவர்களும் உண்டு.

வீடு என்றால் அண்ணன் வீட்டு மாடியறை. கல்யாணம் கூடிவரவில்லை. ஏன் கூடிவரவில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அண்ணி கெட்டவள் இல்லை. தட்டில் ஒரு குறையும் வைக்கமாட்டாள். ஆனாலும் சாப்பாட்டு மேஜையில் அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் பேசுகிற பேச்சு, இவள் தலைக்கு மேலே பந்து போகிற மாதிரி போய்வந்துகொண்டிருக்கும். “அத்தைக்கு எதுவா இருந்தாலும் சரிதான்” என்று பிள்ளைகள் அவளுக்கும் சேர்த்து முடிவு சொல்லிவிடுவார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்துவிட்டு மேலே போய்விடுவாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் முப்பத்திரண்டு.

முப்பத்திரண்டு என்பது பெண்கள் விடுதி வார்டன் அறையின் இணைப்பு எண். அங்கே புதிதாக வந்த வார்டன் அம்மா, ஒருநாள் மத்தியானம் பிளம்பரைக் கேட்டுக் கூப்பிட்டார். பிளம்பர் அறையில் யாரும் எடுக்கவில்லை. “அவர் சாப்பிடப் போனா குழாயைவிட மோசம்ங்க, நிறுத்தவே முடியாது” என்றாள் இவள். அந்தப் பக்கம் கடகடவென்று சிரிப்பு. மறுநாள் அதே நேரம் மறுபடியும் விளக்கு எரிந்தது.

“எக்சேஞ்ச், சொல்லுங்க.”

“யாரும் வேண்டாம். நீங்க இருக்கீங்களான்னு பாத்தேன்.”

“நான் எங்க போயிடப்போறேன்? போர்டோட சேத்து ஆணி அடிச்சுவச்சிருக்காங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது. பெண்களெல்லாம் வகுப்புக்குப் போய்விட்ட பிறகு வார்டனுக்கும் வேலை இருக்காது. மத்தியான வெயிலில் போர்டும் தூங்கி வழியும். நடுவில் வேறு விளக்கு எரிந்தால் “இருங்க, வந்துட்டேன்” என்று போய், இணைப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவாள். முப்பத்திரண்டும் தனி ஆள்தான். வெளியூரில் ஒரு தங்கை உண்டு. விடுதிப் பெண்களின் காதல், அண்ணியின் புதுக் கண்ணாடி, கால் வலிக்கு என்ன தடவுவது என்று பேச்சு எங்கெங்கோ போகும். பேச்சுவாக்கில், தனக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி என்று இவள் ஒருமுறை சொல்லிவைத்தாள். உண்மையில் கொண்டை போட்டால் எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் வரும். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரே வளாகம், நடந்தால் கால்மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் வருடக்கணக்காகச் சந்திக்கவில்லை. ஒரு தடவை ஆண்டு விழாவன்று நூலக வாசலில் பார்த்துக்கொள்வதாகப் பேசிவைத்தார்கள். இவள் போனாள். கூட்டத்தைப் பார்த்தாள். எந்த முகம் என்று தெரியாமல் ஒரு தூணோரம் நின்றிருந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். மறுநாள், “எனக்குத் தலைவலி, வர முடியலைங்க” என்று முந்திக்கொண்டு சொன்னாள். “நல்லதாப் போச்சு, எனக்கும் விடுதியை விட்டுட்டு நகர முடியலை” என்றார் முப்பத்திரண்டு.

அப்புறம் எல்லோர் கைக்கும் செல்போன் வந்தது. போர்டில் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சோம்பிப்போயின. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை அவள் வருவதற்குள் இரண்டு ஆட்கள் போர்டைச் சுவரிலிருந்து பெயர்த்துத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஒயர்கள் வண்டிக்கு வெளியே தொங்கித் தரையில் இழுபட்டுக்கொண்டே போயின.

முப்பத்திரண்டு எப்படியாவது தன்னைத் தேடிக் கூப்பிடுவார் என்று இவள் காத்திருந்தாள். இவள் கூப்பிடுவாள் என்று அவரும் காத்திருந்திருக்க வேண்டும். நேரில் போய்விடலாம் என்று பலமுறை கிளம்பி, நூலகத் திருப்பம் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறாள். போய் நின்று என்ன சொல்வது? இந்தக் கொண்டையையும் இந்த ஒட்டிக்கொள்ளும் நாக்கையும் வைத்துக்கொண்டு, நான்தான் அவள் என்று எப்படிச் சொல்வது?

ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. எந்தப் பிரிவில் போடுவது என்று யாருக்கும் தெரியாததால் அவளை அந்த அறையிலேயே விட்டுவைத்தார்கள். காலையில் போய்ப் பூட்டைத் திறப்பாள். மேஜையைத் துடைப்பாள். சுவரில் போர்டு இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, ஆள் உயரத்துக்கு ஒரு கட்டமாகத் தெரியும். அதற்கு எதிரே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவாள். பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசாத நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் பஸ் கண்டக்டரிடம் இறங்குமிடம் சொல்லும்போது, தன் குரலே தனக்குக் கரகரவென்று அந்நியமாகக் கேட்கும்.

மாணவர்கள் வந்தது அதற்கு அடுத்த கோடையில்.

வருடக் கடைசியில் விடுதிகள் காலியாகும்போது, பின்பக்கத்து மைதானத்தில் ஒரு மலை எழும்பும். வாளி, மெத்தை, மேஜை விளக்கு, கண்ணாடி, செருப்பு, பாதி எழுதிய நோட்டு, செயின் அறுந்த சைக்கிள். ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் அங்கே வீசிவிட்டுப் போவார்கள். பாதியை டிராக்டர் அள்ளிக்கொண்டு போகும். மீதியைக் கொளுத்திவிடுவார்கள். ரப்பரும் பஞ்சும் எரிகிற புகை நேராக எக்சேஞ்ச் ஜன்னலுக்குள் வரும். அடுத்த மாதமே புதுப் பிள்ளைகள் வந்து இறங்கி, அதே வாளியையும் அதே விளக்கையும் கடையில் புதிதாக வாங்குவார்கள்.

இதைக் கண்டு கொதித்துப்போனவள் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். சுருட்டை முடி குடை மாதிரி கவிந்து நிற்கும் என்பதால் அவளுக்குக் காளான் என்று பெயர். அவளோடு இயற்பியல் படிக்கும் ஒரு நெட்டைப் பையன், அவன் பெயர் ஒட்டகம். இருவரும் இன்னும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நிர்வாகத்தின் கதவைத் தட்டித் தட்டி, தேய்ந்த செருப்போடு நின்றார்கள். போகிறவர்கள் விட்டுப்போவதை வருகிறவர்களுக்குக் கொடுக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் கண்காணிப்பாளர், தொல்லை விட்டால் போதும் என்று சொன்னார். “எக்சேஞ்ச் ரூம் சும்மாதான் கிடக்கு. உள்ள ஒரு அம்மா இருப்பாங்க. ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

அவள் ஒன்றும் சொல்லத்தான் இல்லை. காளான் வாசலில் நின்று நீளமாக விளக்கம் கொடுத்தபோது, நாற்காலியை ஒரு மூலைக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என் அறை என்று சண்டை போடவும் தோன்றவில்லை, வாங்க என்று சொல்லவும் வரவில்லை. ஒட்டகம் ஏணியில் ஏறிப் பலகையைத் தட்டிப் பார்த்தான்.

“காளான், புதுப் பலகை எதுக்கு? முன்பாதியை மட்டும் அழிச்சுட்டா போதும்.”

நீலச் சாயத்தில் ‘டெலிபோன்’ மறைந்தது. ‘எக்சேஞ்ச்’ மிஞ்சியது. அதைப் பார்த்து அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்து மாணவர்களுக்குத் தைரியம் வந்தது.

அதற்குப் பிறகு அந்த அறைக்கு ஓய்ச்சல் இல்லை. மெத்தைகள் மைதானத்தில் வெயில் காய்ந்தன. வாளிகளில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். ஒட்டகம் சுவிட்ச் போன விளக்குகளைக் குடல் உருவிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டுக் கட்டவேண்டும். கொடுத்தவர் போன் நம்பரும், பொருளைப் பற்றி ஒரு வரியும் எழுதவேண்டும். ‘கழுத்தைப் பிடித்தால்தான் எரியும்’ என்று ஒரு விளக்கில் இருந்தது. ‘இந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்று பாடத்தில் தோற்றேன், உனக்காவது ராசியாக இருக்கட்டும்’ என்று ஒன்றில். குப்பைக்குப் போகாமல் எவ்வளவு தடுத்தோம் என்று நிர்வாகத்துக்குக் காட்ட, எல்லாவற்றையும் தொங்கு தராசில் மாட்டி எடை பார்த்தார்கள். மழையில் நனைந்த மெத்தையை அப்படியே எடை போடலாமா, காயவைத்துப் போடுவதுதான் நியாயமா என்று காளானும் ஒட்டகமும் ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அவள் சீட்டு மட்டும் கட்டினாள். பிறகு திரைத் துணிகளைத் துவைத்து மடித்தாள். பிறகு சாவியே அவளிடம் வந்துவிட்டது. வகுப்பு நேரத்தில் வருகிறவர்களுக்கு எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டுமே. பேச்சு மட்டும் வரவில்லை. எதிரே வந்து நிற்கும் புதுப் பிள்ளைக்கு விரலால் காட்டுவாள், தலையசைப்பாள்.

ஒருநாள் அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்று காளான் எதையோ தேடியபடி, “இந்த ஒட்டகத்தைக் கட்டி மேய்க்கிறதுக்குள்ள என் உசிரு போயிடும்க்கா” என்றாள். அலமாரிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பட்டென்று பதில் போனது. “கயிறு நீளமா விட்டா அப்படித்தான். கொஞ்சம் சுருக்கிப் பிடி.”

காளான் அசந்துபோனாள். அவள் கெட்டிக்காரி, விஷயம் பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து அக்காவிடம் பேச வேண்டுமென்றால் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அடுக்கிய வாளிகளின் இடுக்கு வழியாக இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். முகம் தெரியாதபோது அவளுக்குப் பேச்சு ஊற்றாக வந்தது. முப்பத்திரண்டைப் பற்றிக்கூட ஒருநாள் சொன்னாள்.

“நீங்க போய்ப் பாக்கலாமேக்கா. பக்கத்துலதானே.”

“பாக்கலாம். பாக்கணும்.”

“நான் வேணா கூட வரட்டுமா?”

“முதல்ல அந்தத் திரைத் துணியை எடு, காயட்டும்.”

இரண்டாவது வருடக் கடைசி அது. காளானும் ஒட்டகமும் மற்றவர்களும் ஆண்கள் விடுதிக்குத் தள்ளுவண்டியோடு போயிருந்தார்கள். அவள் தூசிக்குப் பயந்து தலையைத் துணியால் கட்டிக்கொண்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து வாளிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கரி. வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. டிரைவர் ஒரு மடக்கு நாற்காலியையும் சுவர்க் கடிகாரத்தையும் விளக்கையும் இறக்கிவைத்தார். அவருக்குப் பின்னால் ஒல்லியாக, உயரமாக, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த ஓர் அம்மாள் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத உடை.

“இதையெல்லாம் இங்க வைக்கலாமாம்மா?”

தேய்த்துக்கொண்டிருந்த வாளியை அவள் கீழே விட்டாள். எத்தனையோ மத்தியானங்கள் காதுக்குள் வந்து உட்கார்ந்திருந்த குரல். குண்டாக, குட்டையாக, வாய் நிறையச் சிரிக்கிற ஒருத்தியாக அவள் நினைத்துவைத்திருந்தாள். இவரோ பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரி நிமிர்ந்து நின்றார். அலமாரியை நோக்கி விரலைக் காட்டினாள்.

சாமான்களை வைத்த பிறகும் அவர் போகவில்லை. சுவரில் வெளுத்திருந்த கட்டத்தையே பார்த்தார்.

“போர்டு இங்கதான் இருந்துச்சா?”

தலையசைத்தாள்.

“இங்க எக்சேஞ்ச்ல ஒருத்தங்க இருந்தாங்களே. அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

வாயைத் திறந்தால் போதும். ஒரு வார்த்தை வந்தால் போதும், குரலே காட்டிக்கொடுத்துவிடும். அவள் வாய் திறக்கத்தான் செய்தது. அந்தச் சுத்தமான, நிமிர்ந்த அம்மாள், வாளிகளுக்கு நடுவே கரியும் சோப்புமாக உட்கார்ந்திருக்கும் இவளைப் பார்த்து, ‘நீயா?’ என்று ஒரு கணம் முகம் மாறினால்? அந்த ஒரு கணத்தைத் தாங்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

“சரிம்மா. நான் ஓய்வு வாங்கிட்டேன், இன்னிக்குத் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேன். எப்பவாவது அவங்களைப் பாத்தீங்கன்னா, முப்பத்திரண்டு வந்து கேட்டாங்கன்னு சொல்லுங்க.”

வழக்கப்படி சீட்டில் நம்பரை எழுதிக் கடிகாரத்தில் கட்டிவிட்டு அவர் போனார். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு இவள் வெளியே ஓடியபோது வண்டி வளாகத்தின் பெரிய கேட்டைத் தாண்டிவிட்டது. விடுதியைக் காலி செய்கிற பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு பெட்டிகளோடு போனார்கள். சோப்புத் தண்ணீர் சொட்டுகிற கையோடு அவள் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று அண்ணி கேட்டாள். வெயில் என்றாள்.

சீட்டிலிருந்த நம்பரைப் போடுவதற்கு அவளுக்கு நிறைய நாள் பிடித்தது. ஒரு மத்தியானம், அறையில் யாரும் இல்லாதபோது, அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து செல்போனில் கூப்பிட்டாள்.

“எக்சேஞ்ச் பேசறேங்க.”

அந்தப் பக்கம் “ஐயோ, நீங்களா” என்று தழுதழுத்த குரல். “நான் அங்க வந்தேங்க. உங்களைப் பாக்கத்தான் வந்தேன். சாமான் குடுக்கறதெல்லாம் சும்மா ஒரு சாக்கு. அங்க ஒரு அம்மா இருந்தாங்க, தெரியாதுன்னுட்டாங்க.”

இவளுக்குக் குரல் தானாக வந்தது. எப்போதும் போல இனிமையாக, சரளமாக வந்தது. “அன்னிக்கு நான் லீவுங்க. அந்தம்மா புதுசு. அவங்களுக்கு என்னைத் தெரியாது.”

“அதானே பாத்தேன்.”

வாரத்தில் இரண்டு மூன்று நாள் பேசினார்கள். பழைய கேலியெல்லாம் திரும்பி வந்தது. ஒருநாள் முப்பத்திரண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. ஆண்டு விழா அன்னிக்கு நான் நூலக வாசலுக்கு வந்தேன். யாருன்னு தெரியாம திரும்பிட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நானும் வந்தேன் என்று சொல்லி, அப்படியே வாளி அறை விஷயத்தையும் போட்டு உடைத்திருக்கலாம். “அதனால என்னங்க, எந்தக் காலத்துக் கதை” என்று சொல்லிச் சிரித்தாள்.

பேச்சு முடியும்போதெல்லாம் அவர், “ஒரு தடவை வாங்களேன், இரண்டு மணி நேரப் பயணம்தானே” என்பார். கால்வலி, அண்ணிக்கு உடம்பு சரியில்லை, பஸ் நெரிசல் என்று இவள் சாக்குச் சொல்வாள். போனால் அந்த முகத்தை அவர் அடையாளம் கண்டுவிடுவார். குரல் திரும்பக் கிடைத்தது. நேரில் போகிற வழியை மட்டும் அவளே அடைத்துவிட்டாள்.

அடுத்த வருடத்தோடு காளான் படிப்பை முடித்தாள். மேல்படிப்புக்கு வேறு ஊர். கிளம்புகிற அன்றைக்கு அலமாரிக்குப் பின்னால் போகாமல் நேராக எதிரே வந்து நின்று கட்டிக்கொண்டாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். முதலில் கொஞ்ச நாள் காளான் படம் அனுப்பினாள், பிறகு எப்போதாவது, பிறகு இல்லை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வயதில் ஓடுகிற ஓட்டம் அப்படி.

புதிதாகப் பொறுப்பேற்ற பையன் மரியாதையானவன். கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னான்.

“அக்கா, ஒரு ஆப் பண்ணியிருக்கோம். குடுக்கறவங்க போட்டோ எடுத்துப் போடுவாங்க. வேணும்ங்கறவங்க நேரா அவங்க ரூமுக்கே போய் எடுத்துக்குவாங்க. இங்க கொண்டுவந்து, திரும்ப எடுத்துட்டுப் போய்னு ரெட்டை வேலை இல்ல. ரூமை எக்ஸாம் செக்‌ஷன் கேக்கறாங்க.”

“நல்லாருக்குப்பா” என்றாள் அவள், தரையைப் பார்த்து.

நன்றாகத்தான் இருந்தது, அதுதான் உண்மை. அந்தக் கோடையில் அவள் விடுதியின் பின்பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள். குப்பை மலை இல்லை. புகையும் இல்லை. பழைய சாம்பல் கிடந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. காளான் ஆசைப்பட்டது இதைத்தான். வெகு நேரம் அங்கேயே நின்றாள். சந்தோஷமாக இருந்தது. வெறிச்சென்றும் இருந்தது. இரண்டையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

சாவியைக் கொடுத்தாள். மிச்சம் இருந்த மாதங்களுக்குத் தபால் பிரிவில் போட்டார்கள். உறைகளுக்குப் பசை தடவினாள். ஓய்வு பெற்ற நாள் மாணவர்கள் இல்லாத விடுமுறைக் காலத்தில் வந்தது. கண்காணிப்பாளர் ஒரு சால்வையைப் போர்த்திக் கைகொடுத்தார். தபால் பிரிவில் இருந்த இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டுதான் எல்லாம். ஆனால் அங்கேயும் ஏதோ சரியில்லை. “என்னது?” “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்று அவர் கேட்பது கூடிக்கொண்டே போனது. அத்தனை வருட வேலையில் ஒருநாள்கூடக் குரலை உயர்த்தாதவள், மாடியறையில் நின்று கத்தினாள். “அத்தை, யாரோட சண்டை?” என்று அண்ணன் மகள் மேலே ஏறிவந்துவிட்டாள். கேலியைக் கத்திச் சொன்னால் அது கேலியாகவா இருக்கும்? சொன்னதையே மூன்று முறை சொன்ன பிறகு, “சரி சரி” என்று அவர் புரிந்த மாதிரிச் சமாளிப்பார். அது இவளுக்குத் தெரியும். குரலை வைத்து ஆளை அளப்பதுதானே அவள் பிழைப்பு.

ஒருநாள் தங்கை எடுத்தார். “அக்காவுக்குச் சுத்தமா கேக்கறதில்லைங்க. நேர்ல உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கறாங்க. போனைக் கையால தொடவே மாட்டேங்கறாங்க. நான் ஏதாவது சொல்லணுமா?”

“வேண்டாங்க” என்று வைத்தாள்.

மாடியில் அன்றைக்கு முழுக்கப் படுத்தே கிடந்தாள். அடுத்த வாரம் தங்கைக்குப் போன் போட்டு, எப்போது வருவாள் என்று சொல்லாமல் வழி மட்டும் கேட்டாள். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

ஒரு சந்து, பச்சைக் கதவு, இரண்டு படி. மணியை அடித்தால் காது கேட்காதவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே அடித்தாள். உள்ளே தங்கையின் குரல் கேட்டது; அவர்தான் கையைக் காட்டி அனுப்பியிருக்க வேண்டும். கதவைத் திறந்தது முப்பத்திரண்டு. அதே நிமிர்ந்த முதுகு. இவள் முகத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

“நீங்க அந்த வாளி ரூம்ல இருந்தவங்க இல்ல?”

தலையசைத்தாள்.

“எக்சேஞ்ச் அனுப்பினாங்களா? அவங்களுக்கு என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?” அவர் கை நிலையைப் பற்றிக்கொண்டது. “சொல்லுங்கம்மா.”

அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் குரல். அது அவருக்குக் கேட்காது. உதட்டை நன்றாகப் பிரித்து, மெதுவாகச் சொன்னாள்.

“நான்தான்.”

“என்ன நீங்கதான்?”

“எக்சேஞ்ச்.”

அவர் அந்த உதட்டைப் பார்த்தார். பிறகு கண்ணைப் பார்த்தார். தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

“அன்னிக்கு லீவுன்னீங்களே.”

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“உங்க முகத்தைப் பாத்துத்தானே கேட்டேன். வண்டியை நிக்கவச்சிட்டு, உங்களைத்தானே கேட்டேன்.” காது கேட்காதவர்களுக்கே உரிய ஏற்ற இறக்கமில்லாத குரலில், சத்தமாகக் கேட்டார். “ஏன்?”

“பயம்.”

“எதுக்கு?”

தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். சின்னக் கொண்டையையும் தொட்டுக் காட்டினாள்.

அவர் சிரிக்கவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போவதா, படியிறங்கிப் போய்விடுவதா என்று தெரியாமல் வெயிலில் நின்றாள். கால் கடுக்க ஆரம்பித்தபோது தங்கை வந்து எட்டிப் பார்த்து, “உள்ள வாங்க, அக்கா நாற்காலி போட்டுட்டு உக்காந்திருக்காங்க” என்றார்.

ஜன்னல் பக்கத்தில் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். தங்கை டீ வைத்துவிட்டுப் போனார். முப்பத்திரண்டு டீயைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. நடுவே ஒருமுறை அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபமா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள இவளுக்குப் பழக்கமில்லை. கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார்.

“அடுத்த தடவை காலையிலயே வாங்க. வெளிச்சம் நல்லா இருந்தாத்தான் உதடு தெரியும்.”

இப்போது மாதம் ஒருமுறை போய்வருகிறாள். முகத்துக்கு நேராகத்தான் பேசியாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு சொல்லாக. அவளுக்கு அது இன்னும் பழகவில்லை. பழைய மத்தியானங்களின் பேச்சில் காலே அரைக்கால் பங்குகூட வருவதில்லை. சில சமயம் அவர் தப்பாகப் புரிந்துகொண்டு வேறு எதற்கோ பதில் சொல்வார், இவள் திருத்தாமல் விட்டுவிடுவாள். பெரும்பாலும் இருவரும் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் அவள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, துணி மாற்றி, கீழே போய்ச் சாப்பாட்டு மேஜையில் தன் இடத்தில் உட்காருவாள்.